யார் பெரியவர்? பகடையைக் கேட்போம்

நம் சங்கத்து மூத்த அன்பர் ஒருவர் இப்பகுதிக்கு ஒரு வினா விடுத்திருக்கிறார். அவருடைய பேரன் அமெரிக்காவில் பிறந்து வளர்பவன். விடுமுறைக்கு இங்கு வந்திருக்கிறான். நாள் முழுவதும் சீட்டுகளைப் பரப்பிப் பகடை உருட்டுகிறான். விழுந்த எண்களை நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்கிறான். கேட்டால், பேஸ்பால் வரலாற்றிலேயே தலைசிறந்த ‘லெப்ட் பீல்டர்’ யார் என்று கண்டுபிடிப்பதாகச் சொல்கிறானாம். “இஃது ஆராய்ச்சியா, அல்லது தாயம் ஆடுவதற்குப் புதுப் பெயரா?” என்பது அன்பரின் வினா.

வினா சிறியதுபோல் தோன்றினும் பொருள் சிறியதன்று. பிராட்மனின் 99.94 என்ற சராசரியை வைத்துக்கொண்டு, ‘அவர் இன்று ஆடினால் எவ்வளவு எடுப்பார்?’ என்று நம் இல்லங்களில் தாத்தாவும் பேரனும் வழக்காடுவதில்லையா? இறந்தவரையும் இருப்பவரையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்க்கும் ஆசை எந்நாட்டார்க்கும் பொதுவானது. அமெரிக்கர் அவ்வாசைக்கு ஒரு கருவியே செய்துகொண்டனர். அந்தக் கருவி எங்கே மெய் சொல்கிறது, எங்கே வாய் மூடிக்கொள்கிறது என்பதையே இம்மாதம் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சில சொற்கள். பேஸ்பாலில் ஓர் அணிக்கு ஒன்பதின்மர். மட்டையாளர் நிற்கும் மூலையிலிருந்து நோக்கினால், வெளிக்களத்தில் இடம், நடு, வலம் என்று மூவர் காவல் நிற்பர். இடப்புறம் நிற்பவரே லெப்ட் பீல்டர். நாம் அவரை இடக்களத்தார் என்று அழைப்போம். நடுக்களத்தாரைப்போல் அவர் நெடுந்தொலைவு ஓட வேண்டியதில்லை. வலக்களத்தாரைப்போல் மூன்றாம் தளத்துக்கு மைதானத்தின் குறுக்கே நீண்ட எறி எறியவும் வேண்டியதில்லை. ஆகவே மட்டை பிடிப்பதில் மன்னராகவும் பந்து பிடிப்பதில் சுமாராகவும் இருப்பவர்களை அங்கே நிறுத்துவது வழக்கமாயிற்று. பேஸ்பாலின் பெரும் மட்டையாளர் பலர் இந்த ஓர் இடத்தில் வந்து குவிந்ததற்குக் காரணம் இதுவே.

மட்டையாளரின் சராசரியை அங்கே தசம பின்னமாக எழுதுவர். நாம் அதை ஆயிரத்துக்கு இத்தனை என்று சொல்வோம். ஆயிரம் முறை முயன்று 300 முறை பந்தை அடித்துத் தளத்தை அடைந்தவர் நல்ல மட்டையாளர். அதாவது பத்தில் ஏழு முறை தோற்பவரே அங்கே வீரர்! கிரிக்கெட்டில் பழகிய நம் கண்ணுக்கு இது விந்தையாகத் தோன்றும்.

இனிக் கருவிக்கு வருவோம். 1951-ஆம் ஆண்டில், பென்சில்வேனியா மாநிலத்து லங்காஸ்டர் நகரில் ஜே. ரிச்சர்ட் சைட்ஸ் என்பவர் ‘ஆப்பா’ என்ற ஆட்டத்தை விற்கத் தொடங்கினார். ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஒரு சீட்டு. பெரிதும் சிறிதுமாக இரண்டு பகடைகள். பெரியதைப் பத்தாம் இடமாகவும் சிறியதை ஒன்றாம் இடமாகவும் படித்தால் 11 முதல் 66 வரை 36 விளைவுகள் கிடைக்கும். அந்த 36-க்கும் எதிரே சீட்டில் எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். ஆட்டக்காரர் உண்மையில் எத்தனை முறை வென்றாரோ, எத்தனை முறை தோற்றாரோ, அதே விகிதத்தில் அவ்வெண்கள் அமைந்திருக்கும்.

பத்து ஆண்டுகள் கழித்து, 1961-இல், ஹால் ரிச்மன் என்பவர் ‘ஸ்ட்ராட்-ஓ-மாட்டிக்’ என்ற வேறோர் ஆட்டத்தைக் கொணர்ந்தார். பதினொரு வயதுச் சிறுவனாக இருந்தபோதே அவர் அதைச் சிந்திக்கத் தொடங்கியவர். அதில் மூன்று பகடைகள். முதற் பகடையில் 1, 2, 3 விழுந்தால் மட்டையாளரின் சீட்டைப் பார்க்க வேண்டும். 4, 5, 6 விழுந்தால் பந்தெறிபவரின் சீட்டைப் பார்க்க வேண்டும். மற்ற இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை விளைவைச் சொல்லும். 7 விழ 36-இல் ஆறு வழிகள் உண்டு. 2 விழ ஒரே வழிதான். தாயக்கட்டை உருட்டிப் பழகிய நம் பாட்டிமார்க்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இவ்வாறு ஒரு பருவத்தின் 154 ஆட்டங்களையோ, 1960-களில் மாற்றியமைக்கப்பட்ட பின் 162 ஆட்டங்களையோ, வீட்டுத் திண்ணையிலேயே ஆடி முடிக்கலாம். இதையே பாவனைப் பருவம் என்கிறோம். 1981-இல் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, க்ளீவ்லண்டில் நடக்கவிருந்த நட்சத்திர ஆட்டத்தை அந்த மைதானத்திலேயே பகடை உருட்டி ஆடினார்கள் என்றால் இதன் செல்வாக்கை உணரலாம். இன்று கணிப்பொறி ஆயிரம் பருவங்களை ஒரு நொடியில் ஆடிவிடுகிறது. ஆனால் உள்ளே நடப்பது அதே பகடைதான்.

அன்பரின் வினாவுக்கு நம் விடை, இஃது ஆராய்ச்சிதான் என்பதே. ஆயினும் எதைப் பற்றிய ஆராய்ச்சி என்று தெரிந்துகொண்டு உருட்ட வேண்டும்.

டெட் வில்லியம்ஸை எடுத்துக்கொள்வோம். பாஸ்டன் நகரத்து ரெட் சாக்ஸ் அணிக்கு 1939 முதல் 1960 வரை ஆடியவர். 1941-இல் அவர் 456 முறை முயன்று 185 முறை வென்றார்; ஆயிரத்துக்கு 406. அதற்குப் பின் இன்றுவரை அமெரிக்கன் லீகிலோ நேஷனல் லீகிலோ ஒரு முழுப் பருவத்தில் எவரும் 400-ஐத் தொட்டதில்லை. அந்த ஆண்டின் சீட்டை வைத்து அதே 456 முறை பகடை உருட்டினால் என்ன கிடைக்கும்? கணக்குப் போட்டுப் பார்த்தோம். மூன்றில் இரண்டு பருவங்களில் விடை 383-க்கும் 429-க்கும் இடையே விழும். ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பருவங்களில் 400-ஐ எட்டவே எட்டாது. சீட்டும் அவருடையதே, திறமையும் அவருடையதே. ஆயினும் பகடை இவ்வளவு விளையாடுகிறது. ஒரே ஒரு பருவத்தை உருட்டிவிட்டு ‘இவரே பெரியவர்’ என்று தீர்ப்புச் சொல்வது அறியாமை. ஆயிரம் பருவங்கள் உருட்டினால் இந்தத் தடுமாற்றம் ஆயிரத்துக்கு ஒன்றுக்கும் கீழே சுருங்கிவிடும். அப்போது கிடைக்கும் விடை என்ன? 406! நாம் எதைச் சீட்டில் எழுதினோமோ அதுவே திரும்பி வருகிறது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

அந்த 406-இன் பின்னே ஒரு கதை உண்டு. 1941 செப்டம்பர் 28, பருவத்தின் கடைசி நாள். பிலடெல்பியாவில் இரண்டு ஆட்டங்கள் மீதமிருந்தன. அன்று காலை வில்லியம்ஸின் சராசரி ஆயிரத்துக்கு 399.55. முழு எண்ணாக்கினால் 400 என்றே ஏடுகளில் பதிவாகும். ஆடாமல் உட்கார்ந்துவிடலாம் என்று அணித்தலைவர் சொன்னார். வில்லியம்ஸ் மறுத்துவிட்டார். இரண்டு ஆட்டங்களையும் ஆடி, எட்டு முறை முயன்று ஆறு முறை அடித்தார். அவருக்கு அப்போது வயது 23. இந்த ஆறும் எட்டும் சீட்டில் சேர்ந்திருக்கின்றன. உட்கார மறுத்ததைச் சேர்க்கச் சீட்டில் கட்டம் இல்லை.

அடுத்து, காலங்களுக்கு இடையே உள்ள மேடு பள்ளம். இங்கேதான் பாவனைப் பருவம் தன் உண்மையான பயனைக் காட்டுகிறது.

1930-இல் நேஷனல் லீக் முழுவதும், நல்லவரும் அல்லவரும் எல்லோரும் சேர்ந்து, ஆயிரத்துக்கு 303 அடித்தனர். பிலடெல்பியா அணியின் இடக்களத்தார் லெப்டி ஓடூல் அந்த ஆண்டில் 383 எடுத்தார். ஜப்பானில் பேஸ்பால் வேரூன்ற உழைத்துப் பிற்காலத்தில் அந்நாட்டின் புகழ்மண்டபத்திலும் இடம் பெற்ற ஓடூல் இவரே. இனி 1968-க்கு வருவோம். அது பந்தெறிபவர்களின் ஆண்டு. அமெரிக்கன் லீக் முழுவதன் சராசரி 230 தான். வில்லியம்ஸ் ஓய்வு பெற்றபின் பாஸ்டனின் இடக்களத்தில் அவருடைய இடத்துக்கு வந்த கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி 301 எடுத்தார். லீகில் முதலிடம் அவருக்கே. அதற்குமுன் அத்துணைக் குறைந்த எண்ணுடன் எவரும் முதலிடம் பெற்றதில்லை. அடுத்த ஆண்டே, பந்தெறிபவர் நிற்கும் மேட்டின் உயரத்தை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்துவிட்டார்கள் என்றால் மட்டையாளரின் அவலம் விளங்கும்.

383-ஐயும் 301-ஐயும் அப்படியே மேசைமேல் வைத்து உருட்டினால் ஓடூல் யஸ்ட்ரெம்ஸ்கியைத் தூக்கி எறிந்துவிடுவார். அது நியாயமா? 1968-இன் வீரர் 1930-இன் சராசரி மனிதருக்கும் கீழே என்றல்லவா ஆகிறது! ஆகவே ஒவ்வொருவரையும் அவரவர் காலத்துச் சராசரியோடு ஒப்பிட வேண்டும். ஓடூல் தம் லீகைவிட நூற்றுக்கு 26 பங்கு மேல்; யஸ்ட்ரெம்ஸ்கி நூற்றுக்கு 31 பங்கு மேல். யஸ்ட்ரெம்ஸ்கியை 1930-க்குக் கொண்டுபோனால் 397 எடுப்பார். ஓடூலை 1968-க்குக் கொணர்ந்தால் 291-இல் நிற்பார். ஏட்டில் 82 எண் பின்தங்கியவர் உண்மையில் முன்னே நிற்கிறார். ‘எங்கள் காலத்தில்’ என்று தொடங்கும் பெரியோரும், ‘உங்கள் காலத்தில் எல்லாம் எளிது’ என்று மடக்கும் இளையோரும் இந்தச் சிறு கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

இதிலும் ஒரு முடிச்சு உண்டு. உயிரியல் அறிஞர் ஸ்டீபன் ஜே கூல்ட் 1996-இல் வெளிவந்த நூலில் 400 எடுப்போர் ஏன் மறைந்தனர் என்று ஆராய்ந்தார். வீரர்கள் தேய்ந்துவிட்டார்கள் என்று பொதுமக்கள் எண்ணினர். கூல்ட் சொன்னது நேர்மாறு. எல்லோரும் தேர்ந்துவிட்டார்கள், தாழ்ந்தவருக்கும் உயர்ந்தவருக்கும் உள்ள இடைவெளி சுருங்கிவிட்டது, ஆகவே சராசரியிலிருந்து அவ்வளவு தூரம் உயரே நிற்பது எவர்க்கும் அரிதாயிற்று. இதை ஒப்புக்கொண்டால், காலத்துச் சராசரியோடு ஒப்பிடும் முறை பழைய வீரர்களுக்கே சலுகை காட்டுகிறது என்றாகிறது. கூல்டின் வாதம் நமக்குச் சரியாகவே படுகிறது. எவ்வளவு சலுகை என்பதைப் பகடை சொல்லாது. உருட்டுபவரே முடிவு செய்ய வேண்டும்.

பாரி பாண்ட்ஸின் சீட்டு இன்னும் வேடிக்கையானது. வாழ்நாளில் 762 ஹோம் ரன், ஒரே பருவத்தில் (2001) 73, சிறந்த ஆட்டக்காரர் விருது ஏழு முறை. எண்களை மட்டும் பார்த்தால் இவருக்கு ஈடே இல்லை. பேஸ்பாலில், எறிபவர் நான்கு பந்துகளை எல்லைக்கு வெளியே எறிந்துவிட்டால், மட்டையாளர் ஓடாமல் நடந்தே முதல் தளத்துக்குச் செல்லலாம். அதற்கு ‘நடை’ என்று பெயர். 2004-இல் பாண்ட்ஸ் 617 முறை மட்டையோடு வந்து நின்றார். அவற்றுள் 232 நடை. அந்த 232-இலும் 120 எதிரணியார் வேண்டுமென்றே தந்தவை. 1998 மே 28 அன்று அரிசோனா அணியினர், மூன்று தளங்களிலும் ஆட்கள் நின்றபோதே, ஓர் ஓட்டத்தைச் சும்மா தாரைவார்த்து இவரை நடக்கவிட்டார்கள்! அந்த ஆட்டத்தில் வென்றதும் அவர்களே.

எதிரணியார் இவரை நடக்கவிட்டது, இவருக்குப் பின்னே வருபவர் இவ்வளவு கொடியவர் அல்லர் என்பதால்தானே? பேரன் அமைக்கும் கனவு அணியில் பாண்ட்ஸுக்குப் பின் ஸ்டான் மியூசியல் மட்டையோடு வந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 3,630 அடிகள், சொந்த மைதானத்தில் 1,815, வெளி மைதானங்களில் 1,815 என்று தராசில் நிறுத்ததுபோல் அடித்தவர் மியூசியல். அவர் காத்திருக்கையில் பாண்ட்ஸை நடக்கவிடுவது மடமை. ஆனால் சீட்டு அதை அறியாது. நடை நடை என்றே விழுந்துகொண்டிருக்கும். அந்த 120-ஐ நீக்கிவிட்டுச் சீட்டு எழுதுவதே முறை என்பது நம் கருத்து.

ஊக்க மருந்துப் பழியோ இன்னும் சிக்கலானது. பாண்ட்ஸ்மீது 2007-இல் குற்றச்சாட்டுப் பதிவாயிற்று. 2011-இல் நீதிக்கு இடையூறு செய்ததாகத் தீர்ப்பாயிற்று. 2015-இல் அத்தீர்ப்பு மேல்முறையீட்டில் தள்ளுபடியாயிற்று. பத்திரிகையாளர் வாக்கெடுப்பில் அவருக்கிருந்த கடைசி வாய்ப்பும் 2022-இல் கைகூடவில்லை. சர்ச்சைக்குரிய ஆண்டுகளை ஒதுக்கிவிட்டு, 1998 வரைக்கும் உள்ள பாண்ட்ஸை மட்டும் சீட்டாக எழுதலாம். அப்போதே 400 ஹோம் ரன்னும், களவாடிய 400 தளங்களும் ஒருங்கே பெற்ற முதல் மனிதர் அவர். தளத்தைக் களவாடுதல் என்பது அங்கே குற்றமன்று. எறிபவர் அசரும் கணத்தில் அடுத்த தளத்துக்கு ஓடிவிடும் கலை.

அந்தக் கலையின் சக்கரவர்த்தி ரிக்கி ஹெண்டர்சன். 2024 டிசம்பரில் காலமானார். வாழ்நாளில் 1,406 தளங்கள். அவருக்கு அடுத்தவரான லூ ப்ராக், அவரும் இடக்களத்தாரே, 938-இல் நிற்கிறார். 1982-இல் மட்டும் 130. இவையெல்லாம் சீட்டில் ஏறும். ஆனால் ஹெண்டர்சன் முதல் தளத்தில் நின்றாலே எறிபவரின் பாதிக் கவனம் அவர்மேல் போய்விடும். மீதிப் பாதியோடு எறிந்த பந்தை அடுத்த மட்டையாளர் வெளுத்துவிடுவார். அப்பயன் அடுத்தவர் கணக்கில் போய்ச் சேர்கிறதே தவிர, ஹெண்டர்சன் சீட்டில் சேர்வதில்லை.

‘வெறுங்கால்’ ஜோ ஜாக்சன் என்ற பழைய வீரரைப் பற்றியும் ஒரு சொல். 1919-இல் சிகாகோ அணியினர் சூதாட்டக்காரரிடம் பணம் பெற்று உலகத் தொடரைத் தோற்றனர் என்ற வழக்கில், நடுவர் குழு விடுவித்தும், ஆட்டத்தின் தலைமை ஆணையர் 1921-இல் இவரை வாழ்நாள் முழுவதும் விலக்கிவைத்தார். 1951-இல் இறந்த அவரை, 2025 மே மாதத்தில்தான் அந்தப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். மேசைமேல் அவருடைய சீட்டு நூறாண்டுகளாக ஆயிரத்துக்கு 356 என்ற தன் எண்ணைத் தவறாமல் அடித்துக்கொண்டே இருக்கும். சீட்டு கையூட்டு வாங்காது, விலக்கப்படுவதும் இல்லை.

இனி, சீட்டில் இல்லாத ஆண்டுகள்.

வில்லியம்ஸ் 1943, 1944, 1945 ஆகிய மூன்று பருவங்களையும் கடற்படை விமானப் பயிற்சியிலும் பணியிலும் கழித்தார். பின்னர்க் கொரியப் போருக்கு மீண்டும் அழைத்தனர். 1952-இல் ஆறு ஆட்டங்கள், 1953-இல் 37 ஆட்டங்கள், அவ்வளவே. 1953 பிப்ரவரியில் குண்டடிபட்டு எரிந்துகொண்டிருந்த விமானத்தை வயிறு தரையில் உராய இறக்கி உயிர் பிழைத்தார். அவர் அடித்த ஹோம் ரன் 521. போருக்கு முன்னும் பின்னும் உள்ள பருவங்களின் சராசரியை இட்டு இடைவெளியை நிரப்பினால் 680-ஐ நெருங்குகிறது என்று நம் கணக்கு காட்டுகிறது. இதைச் செய்யலாம், தவறில்லை. முன்னே 36, பின்னே 38 என்று இரு கரையும் தெரிகின்றன. நடுவே பாலம் போடுகிறோம். 25, 26, 27 வயது மட்டையாளரின் பொற்காலம் என்பதால், பாலம் இன்னும் உயர்ந்திருக்கவும் கூடும்.

ஒரு கரையே இல்லாதவருக்கு என்ன செய்வது? மாண்டி அர்வின் என்ற பெயரை நம் வாசகர் பலர் கேட்டிருக்க மாட்டார்கள். பேரனின் சீட்டுக் கட்டிலும் அவர் முதல் வரிசையில் இருப்பாரா என்பது ஐயமே. 1919-இல் அலபாமாவில் பிறந்தார். நியூ ஜெர்சியில் வளர்ந்தார். 1938-இல் நியூவர்க் ஈகிள்ஸ் அணியில் சேர்ந்தார். நியூவர்க் என்பது நியூயார்க்கிலிருந்து ஹட்ஸன் ஆற்றைக் கடந்தால் எட்டிவிடக்கூடிய ஊர். அவ்வளவு அருகில் மூன்று பெரிய லீக் அணிகள் ஆடிக்கொண்டிருந்தன. எவையும் அவரைக் கூப்பிடவில்லை. காரணம், அவர் கறுப்பர். ஈகிள்ஸ் கறுப்பர் லீகின் அணி. நிறத்தடையை உடைக்க முதலில் அனுப்பத்தக்கவர் அர்வினே என்று அந்த லீகில் பலர் கருதினர். அவரும் மூன்று ஆண்டுகள் படையில் இருந்தார். 1947-இல் ஜாக்கி ராபின்சன் தடையை உடைத்தபோது அர்வினுக்கு 28 வயது. 1949-இல் நியூயார்க் ஜயண்ட்ஸ் அணி அவரை அழைத்தபோது 30. பெரிய லீகில் எட்டுப் பருவங்கள், 764 ஆட்டங்கள், 99 ஹோம் ரன், ஆயிரத்துக்கு 293. இதுவே நெடுங்காலம் அவருடைய ‘வாழ்நாள் கணக்கு’ என்று அச்சாகி வந்தது. வாழ்நாளின் முற்பாதியை வெளியே நிறுத்திவிட்டுப் பிற்பாதியை வாழ்நாள் என்றார்கள்!

2020 டிசம்பரில்தான், 1920 முதல் 1948 வரை நடந்த கறுப்பர் லீகுகளும் பெரிய லீகுகளே என்று ஒப்புக்கொண்டனர். 2024 மே மாதத்தில் அந்த எண்களை ஏடுகளில் சேர்த்தனர். அன்று ஆயிரத்துக்கு 372 என்ற கணக்கோடு ஜாஷ் கிப்சன், டை காபைத் தாண்டி முதலிடத்துக்கு வந்தார். ஆனால் கறுப்பர் லீகின் பருவம் குறுகியது. ஆடிய ஆட்டங்களில் பல லீக் கணக்கில் சேராதவை. பல ஆட்டங்களின் விவரத்தைப் பத்திரிகைகள் வெளியிடவே இல்லை. வில்லியம்ஸின் போர்க்காலத்துக்குப் பாலம் போட்டதுபோல் அர்வினுக்குப் போட முடியாது. மறுகரையில் ஊன்றக் கிடைக்கும் தூண்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே நிற்கின்றன.

பகடை உருட்டுவோர் பெரும்பாலும் நினையாத ஒன்று உண்டு. அர்வின் வேலிக்கு வெளியே நின்றார் என்றால், மற்றவர் அனைவரும் வேலிக்கு உள்ளே ஆடினார்கள் என்று பொருள். ஓடூலின் 383, ஜாக்சனின் 356, வில்லியம்ஸின் 406 ஆகியவை எல்லாம் கறுப்பர் எவரும் எறியாத பந்துகளில் எடுத்தவை. 1941-இல் சாட்செல் பேஜ் கறுப்பர் லீகில் எறிந்துகொண்டிருந்தார். வில்லியம்ஸ் அவரை லீக் ஆட்டத்தில் எதிர்கொண்டிருக்க வழியே இல்லை. ஒருவரின் சீட்டு மட்டுமே குறைபட்டது என்று எண்ணினோம். உண்மையில் 1947-க்கு முற்பட்ட கட்டு முழுவதுமே குறைபட்டது.

இதை வில்லியம்ஸ் உணர்ந்திருந்தார் என்பது அவருக்குப் பெருமை. 1966-இல் கூப்பர்ஸ்டவுன் புகழ்மண்டபத்தில் தம்மைச் சேர்த்த நாளன்று, சிறிய உரையின் நடுவே, சாட்செல் பேஜும் ஜாஷ் கிப்சனும் வாய்ப்புக் கிடைக்காத ஒரே காரணத்தால் இங்கே இல்லை, அவர்களையும் ஒருநாள் சேர்க்க வேண்டும் என்று சொன்னார். எவரும் அவரை அதைச் சொல்லக் கேட்கவில்லை. 1971-இல் பேஜைச் சேர்த்தார்கள், 1972-இல் கிப்சனை, 1973-இல் அர்வினை.

‘யார் பெரியவர் என்று சொல்லாமலே போகிறீர்களே’ என்று வாசகர் கடியக்கூடும். சொல்கிறோம். மட்டை ஒன்றையே பார்த்தால் வில்லியம்ஸ். 39-ஆம் வயதைத் தொட்ட 1957-இலும் 388 எடுத்தவரை வேறு யாரோடு ஒப்பிடுவது? அடி, ஓட்டம், பந்து பிடித்தல் மூன்றையும் சேர்த்துக் கேட்டால், 1998 வரைக்குமான பாண்ட்ஸ். பகடை உருட்டுபவர், சிறந்த ஓராண்டின் சீட்டை எடுப்பதா, வாழ்நாள் சீட்டை எடுப்பதா, எந்த ஆண்டின் மைதானத்தில் ஆடுவதா என்பதை முதலில் நோட்டுப் புத்தகத்தின் தலைப்பிலேயே எழுதிவிட வேண்டும். உருட்டிய பிறகு எழுதினால் அது நமக்குப் பிடித்தவருக்குச் சாதகமாக முடியும். கட்டில் அர்வினுக்கும் ஒரு சீட்டைத் தம் கையாலேயே எழுதிச் சேர்க்கட்டும். 1951-ஆம் ஆண்டின் எண்கள் முழுமையாகக் கிடைக்கின்றன: சராசரி 312, ஹோம் ரன் 24, ஓட்டம் சேர்த்தது 121, அதில் லீகிலேயே முதலிடம். அப்போது அவருக்கு வயது 32.

அந்த ஆண்டு அக்டோபர் 4, உலகத் தொடரின் முதல் ஆட்டம். நியூயார்க் யாங்கி மைதானம். ஜயண்ட்ஸ் அணியின் வெளிக்களத்தில் இடப்புறம் அர்வின், நடுவே இருபது வயது வில்லி மேஸ், வலப்புறம் ஹாங்க் தாம்ப்சன்; மூவரும் கறுப்பர். உலகத் தொடரில் அவ்வாறு மூவரும் நின்றது அதுவே முதல் முறை. ஆட்டம் தொடங்கிய முதற் சுற்றிலேயே அர்வின் மூன்றாம் தளத்தை அடைந்துவிட்டார். யாங்கி அணியின் எறிபவர் ஆலி ரெனால்ட்ஸ். பந்து பிடிக்கக் குந்தியிருந்தவர் யோகி பெர்ரா. ரெனால்ட்ஸ் கையை ஓங்கத் தொடங்கினார். அர்வின் ஓடினார். மூன்றாம் தளத்திலிருந்து ஓட்டம் முடியும் தளம்வரை தொண்ணூறு அடி. பந்து பெர்ராவின் கையுறைக்கு வந்து சேருமுன் தரையோடு சறுக்கிப்போய்த் தளத்தைத் தொட்டுவிட்டார். அன்று அவர் நான்கு முறை அடித்தார், ஜயண்ட்ஸ் வென்றது.